ஒன்று மாறினால் இரண்டு குறையும்

கரிம வேதியியலை முதன்முதலாகப் படிப்பவர்கள் ஹேலோ ஆல்கேன் பாடத்தில் ஒரு வரியை மனப்பாடம் செய்கிறார்கள். எஸ்என்2 வினையில் அமைப்பு தலைகீழாகும். எஸ்என்1 வினையில் சுழிமாய்க் கலவை கிடைக்கும். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். வேதியியலில் நான் திரும்பத் திரும்பப் படித்து மகிழும் வரிகளில் முதலிடம் இதற்குத்தான். அந்த மகிழ்ச்சி முழுவதும் வரியின் பின்னால் நிற்கும் சான்றுகளால் வருவது. மூலக்கூறைக் கண்ணால் பார்க்க எந்த வழியும் இல்லாத காலத்தில், ஓர் அயனி கார்பனின் எந்தப் பக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்பதைச் சிலர் ஐயமற நிறுவினார்கள். அதற்கு அவர்கள் பெரிதும் நம்பியிருந்தது ஒரே ஓர் அளவை: ஒளி எத்தனை பாகை திரும்பியது?

கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நீள்கின்றன என்று 1874-இல் வான்ட் ஹாஃப், லெ பெல் இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். நான்கு மூலைகளிலும் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இருந்தால் அந்த மூலக்கூறும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா. உருகுநிலை, கொதிநிலை, அடர்த்தி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. தள முனைவுற்ற ஒளியில் மட்டும் வேற்றுமை வெளிப்படும். ஒன்று வலப்புறம் எவ்வளவு திருப்புகிறதோ, மற்றது இடப்புறம் அவ்வளவே திருப்பும். போலாரிமீட்டரில் அளந்தவர்களுக்கு அந்த நுட்பம் தெரியும். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் கண்வில்லைக்குள் ஒரு வட்டம் இரண்டு பாதியாகத் தெரியும். ஒரு பாதி வெளிச்சமாக, மறு பாதி மங்கலாக. மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் நடுக்கோடு மறைந்து இரண்டு பாதியும் ஒரே மங்கலாகும். அந்த இடத்தில் அளவுகோலைப் படிக்க வேண்டும். ஒரு கூட்டல் குறி அல்லது கழித்தல் குறி, கூடவே ஓர் எண். அவ்வளவுதான் கிடைக்கும்.

அந்தக் குறியை வைத்து 1896-இல் ரீகா நகரில் பால் வால்டன் ஒரு விந்தையைக் கண்டார். ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலத்தின் இடஞ்சுழி வடிவத்தை அவர் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடுடன் வினைபுரியச் செய்தார். ஹைட்ராக்சில் போய்க் குளோரின் வந்தது. கிடைத்தது வலஞ்சுழி குளோரோசக்சினிக் அமிலம். அதை ஈரமான வெள்ளி ஆக்சைடோடு சேர்த்தார். குளோரின் போய் மீண்டும் ஹைட்ராக்சில் வந்தது. மறுபடி மாலிக் அமிலம்தான், ஆனால் இப்போது வலஞ்சுழி! அதையே இன்னொரு முறை அதே இரண்டு வினைகளுக்கு உட்படுத்தினால், இடஞ்சுழி குளோரோசக்சினிக் அமிலம் வழியாகத் தொடங்கிய இடத்துக்கே, இடஞ்சுழி மாலிக் அமிலத்துக்கே திரும்பலாம். ஒரு தொகுதியை எடுத்துவிட்டு மீண்டும் அதையே வைத்தால் பொருள் தன் பிம்பமாகிவிடுகிறது. இரண்டு சுற்றில் பழைய நிலைக்கு வருகிறது.

விந்தை தெரிந்துவிட்டது, விளக்கம் தெரியவில்லை. ஒரு சுற்றில் இரண்டு படிகள் இருக்கின்றன. ஏதோ ஒரு படியில் அமைப்பு புரண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பிம்பம் கிடைத்திருக்காது. எந்தப் படியில்? குறியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் மாலிக் அமிலமும் குளோரோசக்சினிக் அமிலமும் வேறு வேறு சேர்மங்கள். ஒன்று வலஞ்சுழி, மற்றொன்று இடஞ்சுழி என்பதால் அவற்றின் தொகுதிகள் எதிரெதிராக அமைந்திருக்கின்றன என்று ஆகாது. இரண்டும் வலஞ்சுழி என்பதால் ஒரே அமைப்பு என்றும் ஆகாது. சேர்மம் மாறினால் குறி அமைப்புக்குச் சான்றாகாது. வால்டனின் புதிர் கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்ததற்கு இந்தத் தடையே காரணம்.

அதைத் தாண்டிய வழியை 1923-இல் லண்டனில் ஹென்றி பிலிப்ஸ் காட்டினார். அவர் வினைகளைத் தேர்ந்தெடுத்த விதத்தை ஒரு நல்ல வெண்பாவின் சீர்களைப் போலப் பிரித்துப் பிரித்து ரசிக்கலாம். அவர் எடுத்தது 1-ஃபீனைல்-2-புரொப்பனால். ஒளிசுழற்சி ஏறக்குறைய +33 பாகை. முதல் படியில் அந்த ஆல்கஹாலை டோசில் குளோரைடுடன் சேர்த்து எஸ்டராக்கினார். இங்கே அறுவது ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு. நான்கு வெவ்வேறு தொகுதிகளைத் தாங்கிய சீர்மையற்ற கார்பனோடு ஆக்சிஜன் கொண்ட பிணைப்பை யாரும் தொடவில்லை. ஆகவே அமைப்பு மாற வழியே இல்லை. கிடைத்த டோசிலேட்டின் சுழற்சி சுமார் +31.

இரண்டாம் படியில் டோசிலேட்டை அசிட்டேட் அயனி தாக்குகிறது. டோசிலேட் தொகுதி தன் ஆக்சிஜனோடு வெளியேற, அசிட்டேட் தன் ஆக்சிஜனோடு கார்பனில் இணைகிறது. கிடைத்த அசிட்டேட் எஸ்டரின் சுழற்சி சுமார் −7. மூன்றாம் படியில் அந்த எஸ்டரைக் காரத்தால் நீராற்பகுத்தார். இங்கேயும் அறுவது ஆக்சிஜனுக்கு அப்பாலுள்ள பிணைப்பே. சீர்மையற்ற கார்பன் தீண்டப்படுவதில்லை. கடைசியில் கைக்கு வந்தது தொடங்கிய அதே ஆல்கஹால், ஏறக்குறைய அதே 33 பாகை, ஆனால் கழித்தல் குறியோடு. மூன்று படிகளில் இரண்டு சீர்மையற்ற கார்பனைத் தொடவே இல்லை. புரண்டது நடுப்படியில்தான். வேறு இடமே இல்லை.

இதற்கு ஒரு சரிபார்ப்பும் உண்டு. அதே +33 ஆல்கஹாலை டோசிலேட் வழியாகப் போகாமல் நேரடியாக அசிட்டைலேற்றம் செய்தால் கிடைக்கும் அசிட்டேட்டின் சுழற்சி சுமார் +7. டோசிலேட் வழியாகப் போனதற்கு −7. இப்போது ஒப்பிடுவது ஒரே சேர்மத்தின் இரண்டு மாதிரிகளை. ஆகவே குறி நம்பத்தக்க சான்றாகிவிட்டது. வால்டனின் சுற்றில் எந்தப் படியில் எது அறுகிறது என்று தெரியாமல் கிடந்த குழப்பத்தை, எது அறும் என்று முன்பே தெரிந்த வினைகளை மட்டும் கோத்து பிலிப்ஸ் நீக்கிவிட்டார். நல்ல சோதனை என்பது இதுதான்: விடை ஒன்றைத் தவிர மற்ற எல்லா வாசலும் சோதனை தொடங்கும் முன்பே அடைபட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சியது. மொத்தத்தில் புரள்கிறது என்பது சரி. ஒவ்வொரு மூலக்கூறும், ஒவ்வொரு தடவையும் புரள்கிறதா? அதற்கு விடை 1935-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் எட்வர்ட் ஹியூஸும் உடன் உழைத்தவர்களும் செய்த சோதனையில் கிடைத்தது. இந்தக் கட்டுரையின் தலைப்பு அதைப் பற்றியதே.

அவர்கள் எடுத்தது ஒளிசுழற்றும் 2-அயோடோஆக்டேன். அதை அசிட்டோனில் அயோடைடு அயனியோடு சேர்த்தார்கள். அயோடின் போகிறது, அயோடின் வருகிறது. வினைபடுபொருளும் விளைபொருளும் ஒரே சேர்மம். பிலிப்ஸுக்கு மூன்று படிகள் தேவைப்பட்ட இடத்தில் ஹியூஸுக்கு ஒரே படி போதுமானதாயிற்று. அப்படியென்றால் புதிய அயோடின் வந்ததை எப்படி அறிவது? கரைசலில் சேர்த்த அயோடைடு கதிரியக்க அயோடைடு. செயற்கைக் கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டதே 1934-இல். அடுத்த ஆண்டே, நியூட்ரான் ஏற்று உருவாகும் அயோடின்-128 ஒரு கரிம வினையின் வழியைத் தேடப் பயன்பட்டுவிட்டது. அதன் அரைவாழ்வு வெறும் 25 நிமிடம். கலந்து, வினைபுரியவிட்டு, பிரித்து, எண்ணி முடிப்பதற்குள் அது கரைந்துகொண்டே இருக்கும். அந்த நெருக்கடிக்குள்தான் அளவுகள் எடுக்கப்பட்டன.

அளந்தவை இரண்டு வேகங்கள். கதிரியக்க அயோடின் எவ்வளவு வேகமாகக் கரிமச் சேர்மத்துக்குள் நுழைகிறது என்பது ஒன்று. ஒளிசுழற்சி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது மற்றொன்று. நூறு மூலக்கூறுகள், அனைத்தும் வலஞ்சுழி என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்றில் மட்டும் பதிலீடு நடக்கிறது. அது புரண்டு இடஞ்சுழியாகிறது. இப்போது 99 வலஞ்சுழி, 1 இடஞ்சுழி. அந்த ஒன்று வலஞ்சுழியில் ஒன்றின் விளைவை அழித்துவிடும். மிஞ்சுவது 98-இன் சுழற்சி. அதாவது மாறியது ஒரு மூலக்கூறு. குறைந்தது இரண்டு பங்கு. புதிய அயோடின் எப்போதும் பழையது போன பக்கத்திலேயே வந்து அமர்ந்தால் சுழற்சி குறையவே குறையாது. இரு பக்கமும் சரிபாதியாக வந்தால், இரண்டு மூலக்கூறு மாறினால் ஒன்று அப்படியே இருக்கும், ஒன்று புரளும். ஒரு மாற்றத்துக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் குறையும். ஆகச் சாத்தியமான விடைகள் பூஜ்யம், ஒன்று, இரண்டு. சோதனையில் வந்த விகிதம், பிழை எல்லைக்குள், இரண்டு. ஒவ்வொரு பதிலீடும் ஒரு புரளல், விதிவிலக்கே இல்லை.

இதில் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. இந்தக் கரைசலை நீண்ட நேரம் விட்டுவைத்தால் சுழற்சி பூஜ்யத்துக்கு வந்துவிடும். புரண்டவற்றையும் அயோடைடு தாக்கும், அவையும் மறுபடி புரளும், கடைசியில் இரண்டும் சரிபாதியாகும். சுழிமாய்க் கலவை என்றால் எஸ்என்1 என்று மனப்பாடம் செய்தவர் இங்கே தவறிவிடுவார். இது முழுக்க முழுக்க எஸ்என்2 வினை. முடிவில் கிடைப்பதோ சுழிமாய்க் கலவை. முடிவு எதையும் சொல்லாத இடத்தில் வேகம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வினை நடந்து முடிந்த பிறகு வந்து பார்ப்பவருக்குக் கிட்டாத உண்மை, நடக்கும்போது உடனிருந்து இரண்டு வேகங்களையும் அளந்தவருக்குக் கிட்டியது.

சரி, ஏன் பின்பக்கம்? கார்பனுக்கும் வெளியேறும் தொகுதிக்கும் இடையிலுள்ள பிணைப்புக்கு ஒரு வெற்று எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால் உண்டு. அதன் பெரிய மடல் கார்பனுக்கு நேர் பின்னால், வெளியேறும் தொகுதிக்கு 180 பாகையில் நீண்டிருக்கிறது. தாக்க வரும் கருக்கவர் பொருளின் எலக்ட்ரான் இணை அந்த மடலில் நுழைய நுழைய முன்பக்கப் பிணைப்பு தளர்கிறது. புதியது ஒட்டுவதும் பழையது விலகுவதும் இரண்டு செயல்கள் அல்ல. இடைநிலையில் இரண்டு தொகுதிகளும் கார்பனும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன; மற்ற மூன்று தொகுதிகளும் அதற்குச் செங்குத்தாக ஒரே தளத்தில் விரிந்திருக்கின்றன. காற்றில் மடங்கும் குடையைப் பாடப்புத்தகங்கள் இதற்கு உவமையாகச் சொல்வது வழக்கம். அந்த உவமையில் நான் ரசிப்பது கம்பிகளை. குடை மறுபுறம் மடங்கினாலும் கம்பிகளில் ஒன்றும் முறிவதில்லை, ஒன்றும் பக்கத்துக் கம்பியோடு இடம் மாற்றிக்கொள்வதில்லை. இங்கேயும் மூன்று பிணைப்புகள் கடைசிவரை அறாமல் இருக்கின்றன. மூன்றும் தளத்தைத் தாண்டி அப்பக்கம் சாய்ந்ததற்கே மூலக்கூறின் சுழி மாறிவிடுகிறது.

இந்தக் காட்சியை மோதல் ஆய்வுகளில் ஏறக்குறைய நேரடியாகவே கண்டுவிட்டார்கள். ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் ரோலண்ட் வெஸ்டரின் குழு, வெற்றிடத்தில் குளோரைடு அயனியையும் மெத்தில் அயோடைடையும் மோதவிட்டு, வெளியேறும் அயோடைடு எந்தத் திசையில், என்ன வேகத்தில் பறக்கிறது என்று படமெடுத்தது. 2008-இல் அந்த முடிவு வெளியானது. அதிக ஆற்றலில் மோதியபோது, வந்த குளோரைடுக்கு நேர் மறுபுறமாக அயோடைடு பறந்தது. கூடவே எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. சில மோதல்களில், கனமான அயோடினைச் சுற்றி மெத்தில் தொகுதி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்த பிறகே பதிலீடு நடந்தது. அப்போதும் குளோரைடு வந்து ஒட்டுவது பின்பக்கத்தில்தான்.

இனி எஸ்என்1. வெளியேறும் தொகுதி முதலில் போய்விடுகிறது, மிஞ்சும் கார்பன் நேரயனி தட்டையானது, இரு முகங்களும் சமம், ஆகவே சரிபாதி. பாடம் இப்படித்தான் சொல்கிறது. அளந்து பார்த்தால் சரிபாதி பெரும்பாலும் வருவதில்லை. 6-குளோரோ-2,6-டைமெத்தில்ஆக்டேன் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதை நீர் கலந்த எத்தனாலில் நீராற்பகுத்தால் 60 விழுக்காடு புரண்டும் 40 விழுக்காடு புரளாமலும் கிடைக்கிறது. அந்தச் சிறு ஏற்றத்தாழ்வுக்குள் ஒரு செய்தி இருக்கிறது. பிணைப்பு அறுந்த கணத்தில் குளோரைடு வெகுதூரம் போய்விடுவதில்லை. நேரயனியின் முன்முகத்தை மறைத்தபடி சற்று நேரம் அருகிலேயே நிற்கிறது. அதற்குள் வந்துவிடும் நீருக்குத் திறந்திருப்பது பின்முகம் மட்டுமே. சால் வின்ஸ்டைன் இந்த அயனி இணைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து தெளிவுபடுத்தினார். ஐம்பதுக்கு ஐம்பது என்று வந்திருந்தால் இந்தக் கதை நமக்குத் தெரிந்தே இருக்காது. பத்து விழுக்காட்டு விலகலைப் பிழை என்று ஒதுக்காமல் கவனித்ததால் தெரிந்தது.

இரண்டு வழிகளும் அடைபட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1939-இல் பால் பார்ட்லெட்டும் லாரன்ஸ் நாக்ஸும் அப்போகேம்ஃபைல் குளோரைடு என்ற சேர்மத்தை எடுத்தார்கள். கற்பூரத்தின் எலும்புக்கூட்டைச் சேர்ந்தது அது. வளையங்கள் கூடும் சந்தியிலுள்ள கார்பனில் குளோரின் இருக்கிறது. அந்தக் கார்பனின் பின்பக்கம் வளையக் கூட்டின் உள்ளே அகப்பட்டிருப்பதால் எந்த அயனியும் பின்னாலிருந்து வர முடியாது. கூடு இறுக்கமானதால் கார்பன் தட்டையாகவும் முடியாது. வெள்ளி நைட்ரேட்டைக் கண்டதும் வீழ்படிவு தரும் மூவிணையக் குளோரைடுகளின் இனம்தான் இதுவும். ஆனால் மணிக்கணக்கில் கொதிக்கவைத்தும் குளோரின் அசையவில்லை. காரத்துக்கும் அசையவில்லை. நடக்காத ஒரு வினை, நடக்கும் இரண்டு வினைகளின் வடிவத்தையும் ஒருசேர உறுதிப்படுத்திவிட்டது.

இப்போது வால்டனின் புதிரில் எஞ்சிய முடிச்சை அவிழ்க்கலாம். இடஞ்சுழி குளோரோசக்சினிக் அமிலத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்தால் வலஞ்சுழி மாலிக் அமிலம். அதையே ஈரமான வெள்ளி ஆக்சைடோடு சேர்த்தால் இடஞ்சுழி மாலிக் அமிலம். காரத்தில் அமைப்பு புரள்கிறது. வெள்ளி ஆக்சைடில் புரளவில்லை. அப்படியானால் அங்கே முன்பக்கத் தாக்குதலா? இல்லை. வெள்ளி குளோரினை இழுக்கும்போது, மூலக்கூறிலேயே உள்ள கார்பாக்சிலேட் தொகுதி பின்பக்கமாக வளைந்து முதலில் இணைகிறது. ஒரு சிறு லாக்டோன் வளையம் உண்டாகிறது. அடுத்து நீர் வந்து, அந்த கார்பாக்சிலேட்டுக்குப் பின்பக்கமாகத் தாக்கி அதை வெளியேற்றுகிறது. புரளல் இரண்டு; விளைவோ புரளாதது போன்ற தோற்றம். விதி மீறப்பட்டதாகத் தெரிந்த இடத்தில் அது இரண்டு முறை நிறைவேறியிருக்கிறது. வால்டன் 1957 வரை வாழ்ந்தார். தம் பெயரால் வழங்கும் புரளலுக்கு ஹியூஸும் அவரோடு உழைத்த இங்கோல்டும் தந்த விளக்கத்தைக் காணும் ஆயுள் அவருக்கு வாய்த்தது.

உயிர்கள் இந்தக் கணக்கை நமக்கு வெகுகாலம் முன்பே கையாளத் தொடங்கிவிட்டன. சோற்றை மெல்லும்போது எச்சிலிலுள்ள ஆல்ஃபா-அமைலேஸ் மாவுச்சத்தின் சர்க்கரைப் பிணைப்புகளை வெட்டுகிறது. வெட்டும் இடத்தில் கார்பனின் அமைப்பு மாறாமல் இருக்கிறது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேகும்போது அதிலுள்ள பீட்டா-அமைலேஸும் மாவுச்சத்தை வெட்டித்தான் கிழங்குக்கு இனிப்பேற்றுகிறது. அங்கே அமைப்பு புரள்கிறது. வெட்டிய உடனே அளந்தால் முன்னதில் ஆல்ஃபா வடிவமும் பின்னதில் பீட்டா வடிவமும் தெரியும். 1953-இல் டேனியல் கோஷ்லாண்ட் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது: புரட்டும் நொதியில் ஒரு பதிலீடு, புரட்டாத நொதியில் இரண்டு. ஆல்ஃபா-அமைலேஸில் ஆஸ்பார்ட்டிக் அமிலத்தின் கார்பாக்சிலேட் முதலில் ஒரு பக்கமிருந்து சர்க்கரையைப் பிடிக்கிறது. பிறகு நீர் எதிர்ப்பக்கமிருந்து வந்து அதை விடுவிக்கிறது. வெள்ளி ஆக்சைடில் நடந்ததும் கார்பாக்சிலேட்டின் வேலைதான். ஆஸ்பார்ட்டிக் அமிலமோ, மாலிக் அமிலத்திலுள்ள அதே நான்கு கார்பன் சட்டத்தில், ஹைட்ராக்சிலுக்குப் பதிலாக அமினோ தொகுதி கொண்டது.

ஆகவே அந்த இரண்டு மதிப்பெண் வரியைக் கற்பிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புரளும், புரளாது என்று முடிவை மட்டும் எழுதிப்போடாமல், எத்தனை தடவை புரண்டது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒற்றைப்படை என்றால் பிம்பம். இரட்டைப்படை என்றால் பழைய அமைப்பு. எண்ணத் தெரிந்த மாணவர் வால்டனின் சுற்றையும் எச்சிலின் நொதியையும் ஒரே முறையில் படித்துவிடுவார். நூறில் ஒன்று மாறினால் ஏன் இரண்டு குறைகிறது என்று கரும்பலகையில் ஒருமுறை அவர் கையாலேயே கணக்கிட்டுவிட்டால், பின்பக்கத் தாக்குதல் என்பது யாரோ சொன்ன செய்தியாக இருக்காது. அவரே கண்டுபிடித்த உண்மையாகிவிடும்.